மூடி கெட்டியாக இருந்தால்தான் ஆபத்து

தீபாவளிக்கு மறுநாள் காலை, வெடிக்காமல் கிடந்த பட்டாசுகளைப் பொறுக்கி, காகிதத்தைப் பிரித்து, உள்ளே இருந்த மருந்தைப் பழைய செய்தித்தாளில் கொட்டிக் கொளுத்திய கதை நம்மில் பலருக்கு உண்டு. செய்யவே கூடாத விளையாட்டு அது. புருவம் பொசுங்கியவர்களும் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் அதில் ஒரு பாடம் இருந்தது. கொட்டிக் கிடந்த மருந்து ‘புஸ்’ என்று சீறி, ஒரு கொத்துப் புகையோடு அடங்கிவிடும். காகிதத்தை இறுக்கிச் சுற்றி, மேலே சணலையும் வரிந்து கட்டிய வெடிக்குள் இருந்தால் அதே மருந்து தெருவையே அதிரவைக்கும்.

அந்தச் சணலையும் காகிதத்தையும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள். வெடிமருந்துப் பொடியை எந்தப் பாத்திரத்தில் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்ற கேள்விக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. அரிசிக்கும் பருப்புக்கும் நாம் தேடுவது கெட்டியான பாத்திரம், இறுக்கமான மூடி. மருந்துக்கு அந்தக் கெட்டித்தனமே எமன்.

இது யார் வீட்டுச் சங்கதி?

சேலம், நாமக்கல் சமவெளியில் நிற்கும் எவருக்கும் ஏதாவதொரு திசையில் மலை தெரியும். சேர்வராயன், கொல்லிமலை, போதமலை, ஜருகுமலை என்று சுற்றிலும் மலைகள். அடிவாரத்து மரவள்ளிக் காட்டுக்குள் பன்றி இறங்குவதும் பழைய கதைதான். பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்ற முன்வாய்த் துப்பாக்கி சில வீடுகளில் தலைமுறையாக இருக்கிறது. போலீஸ் ஆவணத்தில் ‘எஸ்.பி.எம்.எல்.’ என்று எழுதுவது இதைத்தான். குழலின் வாய் வழியாக மருந்தையும் ரவையையும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி என்பதால், தோட்டா வாங்கிப் போடும் வேலை இல்லை. மருந்து தனியாக வீட்டில் இருக்கும்.

வேறு சில நாடுகளில் துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்கள் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூட்டை வைத்துக்கொண்டு, வீட்டிலேயே மருந்தும் குண்டும் நிரப்பி மறுபடி பயன்படுத்துவார்கள். ‘ரீலோடிங்’ என்பது அதன் பெயர். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே அது பொழுதுபோக்கு ஆகாது.

மூன்றாவது வகைதான் ஊரில் அதிகம். திருவிழா வேட்டு, வாணவெடி, புத்தாண்டுக்கு விற்க வாங்கி வைத்த சரக்கு. 2022 டிசம்பர் 31 அதிகாலை, நாமக்கல் மாவட்டம் மோகனூரில் வீட்டுக்குள் இருப்பு வைத்திருந்த பட்டாசு வெடித்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் பட்டாசுக்குச் சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டு மூதாட்டியும் ஒருவர். அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமாயின. 2025 ஏப்ரலில் சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம், கோயில் திருவிழாவுக்காகப் பைக்கில் கொண்டுபோன நாட்டுவெடி மூட்டை வெடித்து நான்கு உயிர் போயிற்று. சிறுவர்களும் அதில் இருந்தார்கள்.

பன்றிக்கு இரையில் பொதிந்து வைக்கும் வெடியான அவுட்டுக்காயை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை எந்த டப்பாவில் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. செய்வதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். கடித்த யானையின் வாயும் போகிறது, எடுத்த பிள்ளையின் கையும் போகிறது.

இரண்டு மருந்து, இரண்டு குணம்

துப்பாக்கி மருந்தில் இரண்டு இனம் உண்டு. குணம் வேறு வேறு என்பதால் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று கருமருந்து. வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த பழைய மருந்து. முன்வாய்த் துப்பாக்கிக்கு இதுதான். ஒரு சின்னப் பொறி பட்டால் போதும், பற்றிக்கொள்ளும். வயதானாலும் குணம் மாறாது. தாத்தா காலத்து மருந்து காய்ந்த இடத்தில் இருந்திருந்தால் இன்றும் அதே வேகத்தோடு எரியும். “பழசு, நமுத்துப் போயிருக்கும்” என்று அலட்சியமாகத் தொடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

இன்னொன்று புகையில்லா மருந்து. 1884-இல் பிரான்சில் பால் வியெய் என்பவர் உருவாக்கியது. பஞ்சு போன்ற நாரை அமிலத்தில் பதப்படுத்திக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸ்தான் இதன் அடிப்படை. இன்றைய தோட்டாக்களுக்குள் இருப்பது இந்த இனம். நம் நீலகிரியில், குன்னூரை ஒட்டிய அருவங்காட்டில், கார்டைட் தொழிற்சாலை நூறாண்டுக்கு மேலாக இந்த வகை மருந்தைச் செய்து வருகிறது. கருமருந்து அளவுக்குப் பொறியில் பற்றாது. ஆனால் இதற்கு ஆயுள் உண்டு. சூட்டிலும் வெளிச்சத்திலும் மெல்ல மெல்லச் சிதையும். சிதையும்போது அமிலமும் சூடும் கக்கும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரட்டும். இதைத் தடுக்க டைபினைலமைன் போன்ற ஒரு காப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். அது கசியும் அமிலத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அது தீர்ந்த நாளில் மருந்துக்குக் காவல் இல்லை.

காவல் போன மருந்து என்ன செய்யும் என்பதற்கு 1911 செப்டம்பர் 25 சாட்சி. பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் நின்றிருந்த ‘லிபர்ட்டே’ என்ற போர்க்கப்பல் தானாகவே வெடித்துச் சிதறியது. சுமார் 300 பேர் மாண்டார்கள். எதிரி யாரும் சுடவில்லை. கப்பலின் கிடங்கில் இருந்த, வியெய் உருவாக்கிய இனத்து மருந்து கெட்டுப்போய்ச் சூடேறியதுதான் காரணம் என்று முடிவானது.

மூடினாலும் அணையாத தீ

வாணலியில் எண்ணெய் தீப்பிடித்தால் தட்டைப் போட்டு மூடச் சொல்கிறோம். காற்று போகாவிட்டால் தீ செத்துவிடும். வெடிமருந்தில் இந்த வித்தை பலிக்காது. எரியத் தேவையான ஆக்சிஜனைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பொருள் அது. மூடினாலும் எரியும், மண்ணைப் போட்டாலும் எரியும், சாக்கைப் போர்த்தினாலும் எரியும்.

மூடுவதால் நடப்பது வேறு. எரியும்போது கிளம்பும் வாயுவுக்குப் போக வழி இல்லை; உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற மருந்து இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் இன்னும் வாயு. பாத்திரம் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் சேர்ந்து, ஒரு கட்டத்தில் பாத்திரமே சிதறும். சணல் வெடியில் நடப்பதும் இதுதான்.

குக்கரை நினைத்துப் பாருங்கள். மேலே ஆவி போக வெயிட் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் உருகி வழிவிட சேஃப்டி வால்வு இருக்கிறது. குக்கரைக் காப்பது அந்த ஒரு பலவீனமான இடம். நல்ல மருந்து டப்பாவும் அப்படித்தான் செய்யப்படுகிறது. ஈரம் புகாத அளவுக்கு மூடி இறுக்கம், ஆனால் உள்ளே தீப்பிடித்தால் உடனே பிதுங்கித் திறந்துகொள்ளும் அளவுக்கு மெல்லிய உடம்பு. தீ என்னவோ பிடிக்கும், ஆனால் அழுத்தம் சேர்ந்து வெடிக்கும் வாய்ப்பு குறையும். வீட்டுக்காரர் ஓடித் தப்பிக்க நேரம் கிடைக்கும். எதற்கு வலுவாக இருக்க வேண்டும், எதற்கு நோஞ்சானாக இருக்க வேண்டும் என்று அறிந்து செய்த பாத்திரம் அது.

வீட்டில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

எவர்சில்வர் தூக்கு, சம்படம்: உடம்பு கெட்டி. திருகு மூடியோ கொக்கி மூடியோ இருந்தால் இன்னும் மோசம். உலோகத்தோடு உலோகம் உரசும் மூடியின் விளிம்பில் சிக்கிய மருந்துத் துகள், திறக்கும்போது நசுங்கும். கூடாது.

கண்ணாடிப் பாட்டில், ஊறுகாய் ஜாடி: வெளிச்சம் உள்ளே போகும்; கை தவறினால் உடையும்; வெடித்தால் ஒவ்வொரு சில்லும் ஒரு கத்தி. கூடாது.

பழைய சத்துமாவு, காபித்தூள் டப்பா: பார்க்கப் பொருத்தமாகத் தெரியும். ஆபத்து வேறு விதத்தில் வருகிறது. கருமருந்துக் குருணை கடுகு போல இருக்கும். புகையில்லா மருந்தில் சில வகை எள்ளைப் போல, சில வகை நறுக்கிய ஈர்க்கைப் போல இருக்கும். கண் மங்கிய பாட்டியோ, அவசரத்தில் இருக்கும் மருமகளோ சமையலறைப் பக்கம் கிடக்கும் அந்த டப்பாவைத் திறந்தால் எதை எடுக்கிறோம் என்று தெரியாது. சாப்பாட்டுப் பொருளின் பெயர் போட்ட டப்பாவில் மருந்து இருக்கவே கூடாது.

இரும்பு டிரங்குப் பெட்டி, பீரோ, பணப்பெட்டி: பூட்டு இருக்கிறது, பிள்ளைகள் எடுக்க முடியாது என்ற நல்ல எண்ணத்தில் பலர் செய்யும் தவறு. வீட்டில் தீப்பிடித்தால் இந்த இரும்புப் பெட்டிதான் சணல் சுற்றிய வெடி. துப்பாக்கியை பீரோவில் பூட்டுங்கள், சரி. மருந்து அங்கே வேண்டாம்.

பி.வி.சி. குழாய்த் துண்டு: போர்வெல் வேலை நடக்கும் ஊரில் குழாய்த் துண்டுக்குப் பஞ்சமில்லை. இரண்டு பக்கமும் மூடி போட்டால் ஈரம் புகாது என்று தோன்றும். இரு முனையும் அடைத்த குழாய்க்குள் மருந்து என்றால், போலீஸ் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பாலித்தீன் கவர், சாக்கு: அழுத்தம் தாங்காது என்பது ஒன்றுதான் இதன் நல்ல குணம். ஈரம் புகும், எலி கடிக்கும், ஓட்டை விழும், சிந்தும். சிந்திய மருந்து தரையில் ஒரு கோடு போட்டால் அது திரி.

மிஞ்சுவது ஒரே விடைதான். உரிமம் பெற்ற கடையில் எந்த டப்பாவில் வந்ததோ அதே டப்பா. அதிலுள்ள பெயரும் தேதியும் கிழியாமல் இருக்கட்டும். வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள்; காலியான டப்பாவில் வேறு மருந்தை நிரப்பாதீர்கள்; இரண்டு மருந்தைக் கலக்கவே கலக்காதீர்கள். டப்பா உடைந்தாலோ துருப்பிடித்தாலோ நாமே ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். வாங்கிய கடைக்காரரைக் கேளுங்கள்.

டப்பாவுக்கு வெளியே ஒரு பெட்டி

டப்பாவை எதற்குள் வைப்பது? அமெரிக்காவில் ரீலோடிங் செய்பவர்கள் அதிகம் என்பதால் அங்கே தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதன் 495-ஆம் எண் விதித்தொகுப்புப்படி, புகையில்லா மருந்து 20 பவுண்டு, அதாவது சுமார் 9 கிலோ வரை அசல் டப்பாவிலேயே வீட்டில் இருக்கலாம். அதற்கு மேல் போனால் ஓர் அங்குல கனமுள்ள பலகையால் செய்த பெட்டியோ அலமாரியோ வேண்டும்.

இந்த அளவு நமக்குப் பொருந்தாது. நமக்கு அளவு சொல்வது உரிமப் புத்தகம். ஒரு நேரத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம், ஓர் ஆண்டில் எவ்வளவு வாங்கலாம் என்பது அதில் எழுதியிருக்கும். அதற்கு ஒரு கிராம்கூட மேலே போகக் கூடாது. ஆனால் பெட்டிக்கு ஏன் பலகை என்பது எந்த ஊருக்கும் பொருந்தும். பலகை சூட்டைச் சீக்கிரம் உள்ளே விடாது. பொறி பறக்காது. உள்ளே அழுத்தம் வந்தால் மூட்டு விட்டுக்கொடுத்துத் திறந்துகொள்ளும். ஐரோப்பாவின் பழைய மருந்துக் கிடங்குகளில் மரப் பீப்பாய்தான்; பீப்பாய்க்குப் பட்டையும் மரம் அல்லது செம்பு. ஆணி அடித்த செருப்போடு யாரையும் உள்ளே விட மாட்டார்கள். இரும்பு உரசினால் பொறி வரும் என்ற பயம்.

பெட்டியை எங்கே வைப்பது என்பதில் நம் ஊர் வெயில் குறுக்கே வரும். சித்திரை வைகாசியில் சேலம், நாமக்கல் பக்கம் 40 டிகிரியைத் தொடும். நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கூரைமேல் அந்த மாதங்களில் தண்ணீர் தெளிக்கிறார்கள். இல்லாவிட்டால் கோழி சுருண்டுவிடும். கோழிக்கே தாங்காத கூரைச் சூட்டில், தகரத்துக்கும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் அடியில் இருக்கும் பரணில் மருந்தை வைத்தால், கெடப் பல வருடம் ஆக வேண்டியது முன்னமே கெடும். பரண் வேண்டாம். சமையலறை வேண்டாம். சாமி விளக்கு எரியும் இடம் வேண்டாம். இன்வர்ட்டர் பேட்டரி, மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கம் வேண்டாம். டீசல், பெட்ரோல், உரமூட்டை, கந்தகத் தூள் இருக்கும் களஞ்சியம் வேண்டாம். குளிர்ச்சியாக இருக்குமே என்று ஃப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம். உள்ளே ஈரம் கோக்கும், ரிலேயில் பொறி வரும், சாப்பாடும் அங்கேதான்.

ஆள் நடமாட்டம் குறைந்த, தரைமட்டத்தில் நிழலான, காற்றோட்டமுள்ள, ஒழுகாத ஓர் இடம். பிள்ளைகள் கைக்கு எட்டாதபடி பூட்டு. பெட்டிமேல் பெரிய எழுத்தில் ‘வெடிமருந்து’ என்ற பெயர். தீயணைப்பு வீரர் ஒருவர் புகைக்குள் நுழைந்தால் அவர் கண்ணில் படும் அளவுக்குப் பெரிதாக எழுதுங்கள். மருந்தைப் பற்றவைக்கும் துப்பாக்கிக் கேப்பும் மருந்தும் ஒரே பெட்டியில் இருக்கக் கூடாது. தீக்குச்சியையும் பெட்ரோலையும் யாரும் ஒரே பையில் போடுவதில்லை.

கெட்டது எப்படித் தெரியும்?

புகையில்லா மருந்தின் டப்பாவைத் திறந்தால் இலேசான ஸ்பிரிட் வாசனை வரும். அது நல்ல மருந்துக்கு அடையாளம். மூக்கைக் குத்தும் அமில நெடி வந்தாலோ, துருத்தூள் போலச் செம்பழுப்பாக ஏதேனும் தெரிந்தாலோ, செந்நிறப் புகை வந்தாலோ, மூடியின் உட்பக்கம் அரித்திருந்தாலோ, டப்பா காரணமில்லாமல் வெதுவெதுப்பாக இருந்தாலோ அது சிதையத் தொடங்கிவிட்டது. திரும்பவும் இறுக மூடிவிட்டு அடுத்த தீபாவளிக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கருமருந்து கட்டி தட்டியிருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. ஈரம் ஏறிய மருந்தை வெயிலில் பரப்பிக் காயவைப்பதும், அடுப்பு மேட்டில் சூடு காட்டுவதும், கட்டியை இரும்புக் கரண்டியால் உடைப்பதும் ஆளைக் கொல்லும் வேலைகள். வற்றல் காயவைக்கும் கைக்கு இது இயல்பாகத் தோன்றலாம். அதனால்தான் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேண்டாத மருந்துக்கு ஒரே வழி

தாத்தா இறந்து, துப்பாக்கியை ஒப்படைத்து, உரிமமும் முடிந்த பிறகு, ஒரு மூலையில் மருந்து டப்பா மட்டும் கிடக்கும் வீடுகள் உண்டு. அதைக் கிணற்றில் போடுவதோ, குப்பையோடு கொளுத்துவதோ, பழைய இரும்புக்காரரிடம் தள்ளிவிடுவதோ தீர்வு ஆகாது. டப்பாவை அசைக்காமல், திறக்காமல், தொட்ட கையோடு பீடி பற்றவைக்காமல், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். நீங்களே ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகாதீர்கள். ஓமலூர்ப் பக்கத்துச் சம்பவம் நடந்தது சாலையில்தான். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி இந்த மாவட்டங்களில் காவல்துறை அவ்வப்போது அறிவிப்பு விடுகிறது. அந்த நேரத்தில் துப்பாக்கியோடு மருந்து இருப்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

பட்டாசு இருப்பு வைத்து விற்பவர்களுக்கும் ஒன்று. 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகள், தீபாவளிக்கு நாலு நாள் போடும் தற்காலிகக் கடைகளுக்கே கடைக்குக் கடை 3 மீட்டர் இடைவெளியும், வீடு, பள்ளி போன்ற பாதுகாக்கப்பட்ட கட்டடங்களிலிருந்து 50 மீட்டர் தூரமும் கேட்கின்றன. எண்ணெய் விளக்குகூட அங்கே கூடாது. நாலு நாள் கொட்டகைக்கு இவ்வளவு என்றால், பிள்ளை குட்டி தூங்கும் வீட்டின் உள்ளறை எப்படிக் கிடங்காகும்?

தீ வந்துவிட்டால் அணைக்க நிற்காதீர்கள். அணையாது என்று மேலேயே பார்த்தோம். பெட்டியைத் தூக்கி வெளியே எறியவும் போகாதீர்கள். வீட்டில் உள்ளவர்களையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு தூரமாகப் போய், 112-ஐ அழையுங்கள். உள்ளே மருந்து இருக்கிறது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கேஸ் விழும், உரிமம் போகும் என்று பயந்து மறைத்தால், வாளியோடு ஓடி வருகிற பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் தெரியாமல் அந்தக் கதவைத் திறப்பார்.